சின்னத்துரை வாத்தியார் ஞாபகார்த்த மலசலகூடம்

கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் எங்கள் நாட்டில் இரண்டு கருத்துக் கிடையாது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, வெளிநாட்டுக்காரர், கோயில் நிர்வாகம் என்று எல்லோரும் ஒரே குரலில் பேசும் விடயம் அது ஒன்றுதான். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு இடையில் ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள், உடனே எல்லோருக்கும் வேறு கூட்டம் இருக்கும். இதை ஒரு கணித ஆசிரியையாகச் சொல்லவில்லை. ஒரு மலசலகூடத்தால் மானம் போனவளாகச் சொல்கிறேன்.

எனக்கு முதல் நியமனம் வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில். (பெயர் வேண்டாம். பெயர் போட்டுப் பட்டது போதும்.) வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமலே வருவார்கள். வளர்ந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராக வேறு யாரும் அகப்படாததால் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். எனக்கும் ஊரைத் திருத்துகிற வயது.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஆண்டு முடிவில் பலன் கிடைத்தது. ஒரு லொறி நிறையக் கணினிகள்.

"சேர், நான் கேட்டது மலசலகூடம்" என்றேன்.

"அது வேறை ஒதுக்கீடு ரீச்சர். இது கணினி ஒதுக்கீடு. இந்த மாதத்துக்குள்ளை செலவழிக்காட்டில் காசு கொழும்புக்குத் திரும்பிப் போயிடும். கையெழுத்தைப் போட்டு எடுங்கோ."

எடுத்தோம். பெட்டி பிரிக்க நல்ல அறை இல்லாததால், அவை நெடுநாள் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

அரசாங்கம் கைவிட்டால் எங்களுக்கு இன்னொரு கல்வி அமைச்சு இருக்கிறது. அது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறது. அவர்கள் அள்ளித்தான் கொடுப்பார்கள். ஆனால் அம்மாவின் பேரில் மண்டபம், அப்பாவின் பேரில் நுழைவாயில் வளைவு, ஆகக் குறைந்தது ஒரு சரஸ்வதி சிலை. "கக்கூசுக்கு ஆர் பிள்ளை பேர் போடுவினம்?" என்று அதிபர் கையை விரித்தார்.

அப்போதுதான் கனடாவிலிருந்த சிவபாலன் அண்ணை கிடைத்தார். அவருடைய காலஞ்சென்ற தகப்பன் சின்னத்துரை வாத்தியார் எங்கள் பாடசாலையின் பழைய அதிபர். தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தங்கச்சி, பிள்ளையளுக்கு உதுதானே முதல் தேவை? கட்டுங்கோ. தண்ணித் தாங்கியும் மோட்டரும் அடுத்த வருசம் போட்டுத் தாறன். பேர் ஒண்டும் போட வேண்டாம்."

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளி "வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் சோற்றைக் குவித்துப் போடுவோம். தேநீர் வேண்டாம் என்றவர் குடிக்காமல் போன சரித்திரம் இல்லை. அவர் சொன்ன "வேண்டாம்" என்பதையும் நான் அந்தக் கணக்கில்தான் போட்டேன். அதிபரும், "அப்பிடித்தான் சொல்லுவினம். போடாமல் விட்டுப் பாரும், தாங்கி வராது" என்றார். பளிங்குக் கல்லுக்குச் சொல்லிவிட்டோம். போதாதென்று, வாத்தியாரின் பழைய படமொன்றைத் தேடிப் பெருப்பித்துச் சட்டம் போட்டது என் சொந்த மூளை.

திறப்பு விழாவுக்குச் சிவபாலன் அண்ணை தமக்கையோடு வந்திறங்கினார். தமக்கை ஊரிலேயே இருப்பவர், கோயில் உபயகாரி, அப்பாவின் பெயருக்குக் காவலாள். பாடசாலைக்கு ஏதோ கட்டடம் என்று மட்டும் தெரிந்து பட்டுச் சேலையில் வந்திருந்தார். வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம் முழங்க ஊர்வலமாகப் புறப்பட்டோம். மண்டபத்தைத் தாண்டினோம். வகுப்பறைகளையும் தாண்டினோம்.

"எங்கை பிள்ளை கூட்டிக்கொண்டு போறியள்?" என்றார் தமக்கை.

நான் பெருமையோடு திரையை இழுத்தேன். கதவுக்கு மேலே மாலையோடு சின்னத்துரை வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே அவர் பெயர். அதற்குக் கீழே "மாணவிகள்" என்று எழுதியிருந்தது.

நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றாததால் பாண்ட் வாத்தியம் மட்டும் முழங்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி, அப்பாவை எங்கையடா கொண்டுவந்து வைச்சிருக்கினம்?"

சிவபாலன் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "ரீச்சர், நான் வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ!"

"நீங்கள் சும்மா சொல்லுறியளெண்டு நினைச்சன்" என்றேன்.

"எங்கை போறாய் எண்டு கேட்டால் சின்னத்துரை வாத்தியாரிட்டைப் போறன் எண்டெல்லே இனிச் சனம் சொல்லும்!" என்று தமக்கை அழுதார். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டது. (அடுத்த கிழமையே பாடசாலை முழுக்க அப்படித்தான் சொன்னார்கள்.) மேசன் அங்கேயே வரவழைக்கப்பட்டார். கல்லைக் கெட்டியாகப் பதித்திருந்ததால் உடைத்தெடுக்கையில் கதவு நிலையும் கூட வந்தது.

அப்பாவுக்குப் போன மரியாதையை மீட்க, அடுத்த வருடம் தாங்கிக்கு வரவேண்டிய காசில் வீதியோரம் பெரிய வளைவு எழும்பியது. அதைத் திறக்க வந்த பிரமுகர் கல்வியில் முதலிடுவதைப் பற்றி வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி நெடுநேரம் பேசினார். பிள்ளைகள் வளவின் மறுகோடிக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். நான் இடமாற்றம் பெறும்வரை தூக்கினார்கள், போன மாதம் அந்தப் பக்கம் போனபோதும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் என்னால் வந்த வினை. எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதிக் களைத்துவிட்டேன். அது இன்னமும் வேறை ஒதுக்கீடுதான்.

எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது சோறு வேண்டாம் என்றால் என் கணவர் உடனே, "கவனம், இவவுக்கு வேண்டாமெண்டு சொன்னால் கல்லு வைச்சிடுவா" என்பார். யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலையில் படிக்கும் மகள் (ஓம், நானும் பஸ்ஸில்தான் அனுப்புகிறேன்) போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அதை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"அம்மா, நீங்கள் செத்தால் உங்கடை பேரை நாங்கள் எங்கை போடுறது?"

"தண்ணி வாற கக்கூசு ஒண்டு கட்டி, அதிலை போடு" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.