பீமனின் இரண்டு பெல்ட்டுகள்

பிடிவாதக்காரர்களுக்குத் தாங்கள் பிடிவாதக்காரர்கள் என்று தெரியவே தெரியாது. எடுத்த காரியத்தை முடிப்பவள் என்றுதான் பத்தொன்பது வயதில் நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு வேறு சில வார்த்தைகள் வைத்திருந்தாள். (அச்சில் போடக்கூடியது "கொழுப்பு" ஒன்றுதான்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ், மாடி வீடு. அப்பா ஃபிட்டர். தெருவிலிருந்து நான் தூக்கிவந்து வளர்த்த நாய்க்குப் பீமன் என்று பெயர். உடம்பில் எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் சோற்றைக் கண்டால் பெயரைக் காப்பாற்றிவிடுவான்.

கீழ்வீடு சரோஜா அக்காவுடையது. அந்தக் கோடையில் ஒரு நாள் காலை, கைக்குழந்தையின் தலையணையில் ஊர்ந்துகொண்டிருந்த உண்ணியைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்.

"இன்னா ஜெயா, ஒங்க ஊட்டு நாய் எங்க ஊட்டுக்கு ஆள் அனுப்பிக்கினே கீது. புள்ள காதுல பூந்துச்சின்னா யாரு பதில் சொல்றது?"

அப்பா தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். அக்கா இறங்கிப் போனதும் தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளைக்கு மொத பொறந்த நாள். அதுக்குள்ள இவன் மேல ஒரு உண்ணி இருக்கக் கூடாது. இருந்துச்சு, திங்கக்கிழமை ஒங்க சித்தப்பா வயக்காட்டுக்குப் போயிடுவான்."

சித்தப்பாவுக்கு நாய் என்பது ராத்திரி குரைக்கும் ஒரு கருவி. அதற்குச் சோறு போட வேண்டும் என்பது அவர் நினைவுக்கு வராது. நான் அழவில்லை. பீமன் எங்கேயும் போகமாட்டான், போவது உண்ணிதான் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

அப்பாவோடு வேலை செய்த டேனியல் மாமாவின் தம்பி துபாயில் இருந்தார். அவர்கள் வீட்டு நாய்க்காக அவர் வாங்கிவந்த, உண்ணியைக் கொல்லும் மருந்து ஏற்றிய கழுத்து பெல்ட் ஒன்று தகர டப்பாவில் பிரிக்காமலே கிடந்தது. (பெல்ட் வருவதற்குள் நாய் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது.) அதைக் கெஞ்சி வாங்கினேன். டப்பாவில் இருந்த எழுத்து ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு குமணன்சாவடியில் இருந்த கால்நடை டாக்டரிடம் போனேன்.

"ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு மாட்டும்மா. மிச்சத்த வெட்டிடு, இல்லன்னா கடிச்சு முழுங்கிடும். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவு. சின்னப் பசங்க கைல படக் கூடாது. முக்கியமா இதுல சங்கிலி மாட்டாத, இழுத்தா பிஞ்சிடும். சங்கிலிக்குத் தனியா தோல் பெல்ட் போடு."

எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினேன்.

தோல் பெல்ட்டைக் காசு கொடுத்து வாங்குவதா என்று அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பழைய இடுப்பு பெல்ட்டை வெட்டி, பக்கிளைத் தைத்து, பீமன் கழுத்தில் சுற்றினார். "ரெண்டு விரல் கிளியரன்ஸ், அவ்வளவுதான?" என்று தன் இரண்டு விரல்களை உள்ளே விட்டு, அந்த அளவில் ஓட்டை போட்டார். இருபது வருஷமாக ஸ்பானர் பிடித்த விரல்கள் அவை. ஒவ்வொன்றும் ரஸ்தாளிப் பழம்போல இருக்கும்.

மறுநாள் தெருவில் பீமன் நின்றான், தலையைக் குனிந்தான், பின்னால் ஓர் அடி வைத்தான். சங்கிலியும் பெல்ட்டும் என் கையில் இருந்தன. பீமன் டீக்கடையில் இருந்தான், பன்னோடு.

"லூசா இருக்குப்பா."

"அளவு கரெக்ட். ஒன் நாய்க்குத்தான் தலை சின்னது."

அதற்கு மேல் அப்பாவிடம் பேசிப் பயனில்லை. (என் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அம்மா யோசித்திருக்கலாம்.) மருந்து பெல்ட்டை மட்டும் என் விரலால் அளந்து மாட்டியிருந்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அதோடு விடாமல் கையாலும் உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டேன். அவன் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசினேன். சனிக்கிழமை சாயங்காலம் தேடினால் ஒன்றுகூட இல்லை.

இத்தோடு நான் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் யார் புகார் சொன்னாரோ அவர் வாயாலேயே, நாலு பேர் முன்னால், உண்ணி இல்லை என்று வரவழைக்காமல் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். அப்பாவின் பெல்ட்டை நம்ப முடியாது. சங்கிலியை மருந்து பெல்ட்டில் மாட்டினேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்து நிமிஷம்தானே என்று அவருக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டேன்.

கீழே ஷாமியானா. நெமிலிச்சேரியிலிருந்து அக்காவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாடிப்படி ஓரத்தில் பிரியாணி அண்டா. பந்திக்காகச் சமையல்காரர் அப்போதுதான் மூடியைத் திறந்தார். நான் அண்டாவைத் தாண்டி வந்து, கூட்டத்துக்கு நடுவே பீமனை நிறுத்தினேன்.

"சரோஜாக்கா, இவன் மேல ஒரே ஒரு உண்ணி காட்டுங்க பாப்போம்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் யாரோ வறுவல் தட்டோடு எங்களைக் கடந்து போனார். பீமன் பாய்ந்தான். பெல்ட் பட்டென்று அறுந்தது. இழுத்துப் பிடித்திருந்த நான் மல்லாக்க விழுந்தேன். என் கையிலிருந்த சங்கிலி, நுனியில் பெல்ட்டோடு, தலைக்கு மேல் பறந்து பிரியாணிக்குள் விழுந்தது.

எல்லாரும் பீமனையும் வறுவலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரரும் அந்தப் பக்கம்தான் பார்த்தபடி கரண்டியை அண்டாவுக்குள் விட்டார். பெல்ட் விழுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் பீமனுக்கு வயக்காடுதான். சொல்லாமல் இருக்க முடியுமா? அத்தனை பேர், அத்தனை குழந்தைகள்.

"அண்ணாத்தே, கரண்டிய வைங்க. அதுல நாய் மருந்து விழுந்துடுச்சி."

பலூன் ஊதிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"இன்னாடி ஜெயா, அன்னிக்கு உண்ணி, இன்னிக்கு வெஷமா?" சரோஜா அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "இரு. ஒரே ஒரு உண்ணி கெடைக்கட்டும், இந்த நாயி இப்பவே ஊர வுட்டுப் போவணும்."

பீமனைப் பிடித்துத் தரையில் சாய்த்து, பேன் பார்ப்பதுபோல் முடியை விலக்கித் தேட ஆரம்பித்தார். நெமிலிச்சேரிப் பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். காது, அக்குள், விரலிடுக்கு, வால் வரை பார்த்தார்கள். எல்லாரும் தன்னைக் கொஞ்சுவதாக நினைத்து பீமன் நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்தான்.

"ஒண்ணுகூட இல்லியே," என்றார் அக்கா கடைசியில். ஏமாற்றத்தில் அவர் முகம் தொங்கிப்போனது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பிரியாணி போச்சு, நாய் சுத்தமாயிடுச்சி."

பிரியாணியை வேறு நாய்கள் தின்றுவிடக் கூடாதென்று அப்பாவே குழி தோண்டிப் புதைத்தார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பாத்திரத்தில் ரவை உப்புமா கிண்டினார்கள். உப்புமாவுக்கு மட்டன் வறுவல் தொட்டுக்கொண்ட பிறந்த நாள் விருந்து ஆவடியில் அது ஒன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் அப்பா தோல் பெல்ட்டும் ஆணியும் சுத்தியலுமாக வந்து உட்கார்ந்தார்.

"ஒன் விரல நீட்டு," என்றார்.

அந்தப் பெல்ட்டோடு பீமன் வயதாகும்வரை எங்களோடுதான் இருந்தான்.

போன வருஷம் சரோஜா அக்காவின் மகனுக்கு, அந்தப் பிறந்த நாள் குழந்தைக்கேதான், பூந்தமல்லியில் கல்யாணம். நரைத்த தலையும் பட்டுப்புடவையுமாக நான் மண்டபத்துக்குள் காலை வைத்ததும், அக்கா சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஜெயா வந்துட்டா. அண்டாவ மூடு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் என்னைப் பந்திக்கு விட்டார்கள்.