பல்சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல்

ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துல, சாரல் வருததுக்கு முன்னால இலஞ்சி ரோட்டுக்கு ஜல்லி போடணும்னு சர்க்கார் முடிவு பண்ணுச்சு. ரோட்டுல பள்ளம் அப்படி. பள்ளத்துல பஸ் படுத்துட்டா குத்தாலத்துக்குக் குளிக்க ஆளு வராது. ஆளு வரலேன்னா அருவிக்கரையில எண்ணெய் தேச்சுவிடுத நான் என் தலையத்தான் தேச்சுக்கிடணும். அதனால கல்லு உடைக்க மிஷின் வந்த அன்னைக்கு மாலையோட மொத ஆளா நின்னவன் நாந்தான்.

மிஷினை ஓட்டுதவரு பீர் மைதீன் பாய். அதுல ரெண்டு பல்சக்கரம், சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டே சுத்தும். கல்லு நறநறன்னு உடையும். ஊரே காதைப் பொத்திக்கிட்டு சந்தோசப்பட்டுச்சு.

அந்த நேரம் பாத்து ரோடு போடுத சர்க்கார் ஆபீஸ்ல 'இடைவெளி ஒழிப்பு வாரம்'னு ஒண்ணு கெளம்புச்சு. சர்க்காருக்கும் சனங்களுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கப்படாதாம். அதை அனுஷ்டிக்க ஓவர்சியர் காந்திமதிநாதன் ஜீப்புல வந்து எறங்கி, சக்கரத்தை உத்துப் பாத்தாரு.

"என்னவே இது? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல தபால் கார்டு நுழையுதே!"

"நுழையணும் சார். ஓடயில சூடாகிப் பல்லு பருக்கும். அதுக்கு எடம் வேணும்லா?"ன்னாரு பாய்.

"ஒழிப்பு வாரத்துல உம்ம மிஷின் மட்டும் இடைவெளியோட நிக்குமோ? மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"மேலிடத்தை இங்கன வந்து பல்லுக்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

பாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். மெமோன்னு ஓவர்சியர் சொன்னதும் சுருங்கிட்டு. சக்கரம் ரெண்டும் ஒட்டாம இருக்க அண்டை குடுத்திருந்த தகட்டை உருவிப்போட்டு, ரெண்டையும் ஒட்டி வச்சாரு. நாங்க எல்லாரும் கை தட்டினோம்.

மிஷின் ஓடுச்சு. அப்புறம் அழுதுச்சு. அப்புறம் புகைஞ்சுச்சு.

"சூடுல்லா பிடிச்சிருக்கு! சூட்டுக்கு இங்கன என்னவே செய்வீங்க?"ன்னாரு ஓவர்சியர்.

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க.

சர்க்கார் மிஷினுக்கு மேலெல்லாம் நல்லெண்ணெய் தேச்சேன். "முதுகுல இன்னும் கொஞ்சம் அழுத்தும்வே"ன்னு ஓவர்சியர் கூடவே நின்னாரு. மிஷினை அருவிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகத் தோது இல்ல. அதனால அருவியைக் குடம் குடமாக் கொண்டாந்து தலையில ஊத்தினோம். கொதிச்சுக் கெடந்த சக்கரம் 'டப்'புன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. பாத்தா, பாதிப் பல்லைக் காணோம். இப்ப நடுவுல கார்டு என்ன, தபால்காரனே நுழையலாம்.

ஓவர்சியர் அங்கனயே அறிக்கை எழுதிட்டாரு: 'மேற்படி இயந்திரத்தின் வெப்பம் முற்றிலும் தணிந்தது. பொதுமக்களுக்கு ஓசைத் தொல்லை அடியோடு நீங்கியது.' ஒரு வார்த்தை பொய் கெடையாது. பதவி உயர்வு வந்து சேந்துச்சு.

ஓட்டுததுக்கு மிஷின் இல்லேன்னு பாயை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தேய்க்கதுக்கு மிஷின் இருக்குன்னு என்னைய நிரந்தரம் ஆக்கிட்டாங்க. 'இயந்திர எண்ணெய்க் குளியல் உதவியாளர்.' காக்கிச் சட்டை, மேல ரெண்டு பை.

சாரல் வந்துச்சு. இலஞ்சி விலக்குல பஸ் படுத்துச்சு. அருவிக்கரையில என் கூட எண்ணெய் தேச்ச அய்யாக்குட்டி அண்ணாச்சி, ஆபீஸ் முத்தத்துல மிஷின் நின்ன எடத்துக்குச் சேறும் சகதியுமா ஓடி வந்தாரு.

"ஏலே, அருவியில ஒரு தலை இல்லலே! அடுப்பு எரியல. நம்ம ஆளுதான நீ, உள்ள சொல்லி ரோட்டைப் போடச் சொல்லுலே!"

நான் தலையத் தூக்கல. மிஷினுக்கு முதுகு தேச்சுக்கிட்டு இருந்தேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் இடைவெளி விட்டு நில்லும். இது ஆபீஸு."