கடன் மறுக்கும் வகுப்பில் நான் அழுதது

மரியாதைக்கும் லேசான பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு அக்காவின் முழங்கால் வலியும், அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும் உங்கள் பொறுமையும் எந்த அளவில் இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

போன தடவை போனில், "ஐம்பதைத் தாண்டினப்புறம் வாத்தியார் வேலைக்குப் போறியே, கடன் பிரிவுல உனக்கு என்ன குறை?" என்று கேட்டீர்கள். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது அத்தான். குறை என்னிடம்தான். எங்கள் நிதி நிறுவனத்துக்குக் கடன் கேட்டு வருகிறவர்கள், பக்கத்து மேசை காலியாக இருந்தாலும் எனக்காகக் காத்திருந்து என் மேசையில்தான் அழுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அப்படிக் கொடுத்த கடனில் பாதி திரும்பவில்லை. மேலாளர் என்னைத் திட்டக்கூட இல்லை. "உங்க அனுபவத்தை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுங்க" என்று பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். சோதனைக் காலம் முடிந்து தேறினால் பயிற்சியாளர் பதவி. தேறாவிட்டால் வசூல் பிரிவு. அதாவது, நான் கொடுத்ததையெல்லாம் நானே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். இந்த வேலை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் பாடம் எடுத்தேன். ஸ்லைடு தலைகீழாகத் தெரிந்தது, மைக் ஊளையிட்டது, கடைசி வரிசையில் ஒருவன் தலையை நிமிர்த்தவே இல்லை. வகுப்பு முடிகிற நேரத்தில் அவன் கையைத் தூக்கிக் கேட்டானே ஒரு கேள்வி! அன்று எனக்குச் சாப்பாட்டு ஞாபகமே வரவில்லை. இத்தனை வருடத்தில் எந்தக் கையெழுத்துக்கும் நான் பசி மறந்ததில்லை, அது உங்களுக்கே தெரியும்.

இப்படி இருக்கும்போது கடைசித் தேர்வு வந்தது. தலைப்பு, 'மரியாதையாகக் கடன் மறுப்பது எப்படி'. யாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள். பின் வரிசையில் உட்கார்ந்து என்னை எடைபோட வந்தவர், திரும்பாது என்று தோன்றும் கடன்களை வெட்டிவிடும் எங்கள் இடர்ப் பிரிவின் தலைவர். கழுகு என்பது ஊழியர்கள் வைத்த பெயர், மரியாதை கருதி முழுப் பெயரையும் எழுதவில்லை. எங்கள் பயிற்சிப் பிரிவின் தலைவி, என் மகள் வயதுதான், தைரியம் சொன்னாள். நான் வாடிக்கையாளராக நடிக்க வேண்டும், பிள்ளைகள் அதிகாரிகளாக உட்கார்ந்து மறுக்க வேண்டும். "லேசா ஒரு கதை சொல்லுங்க சார், போதும்" என்றாள்.

லேசான கதைக்கு நான் எங்கே போவேன்? அடுப்பு வெடித்த பேக்கரிக்காரர், லாரி வாங்கிய மறுநாளே ஓட்டுநர் காணாமல் போனவர், மகளைப் படிக்கவைக்க அலைந்த தையற்காரர் என்று என் மேசையில் அழுத மூன்று பேரை ஓர் ஆளாகக் கலந்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் பையன் கடனைக் கொடுத்துவிட்டான். அடுத்தவன், "போதுமா சார், கொஞ்சம் கூட்டிப் போடவா?" என்றான். அடுத்து வந்த பெண் எனக்குத் தண்ணீர் எடுத்து வருவதாகப் போனவள் திரும்பவில்லை, வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாளாம். மொத்த வகுப்பும் கொடுத்துவிட்டது அத்தான், ஒருத்தர் பாக்கியில்லை.

கழுகு எழுந்தார். "தள்ளுங்க, நான் காட்டறேன்" என்று எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்கு வசூல் பிரிவின் தோள்பையே கண்ணில் தெரிந்துவிட்டது. பேக்கரி, லாரி, தையல் எல்லாம் மறந்து போயிற்று. "சார், இந்த ஒரு தடவை" என்றேன். நிஜமாகவே கண்ணில் தண்ணீர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், கழற்றினார்.

"நாளைக்கு பேப்பரோட வாங்க, பார்ப்போம்" என்றார்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கூட்டம் எட்டிப் பார்த்தது. கடைசியாகச் சிரித்தவர் அவர்தான். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "இத்தனை வருஷமா பேப்பர்லதான் இல்லைன்னு எழுதியிருக்கேன். எதிர்ல உட்கார்ந்து ஒரு ஆள் கேட்டதே இல்ல. இந்த வகுப்பு எனக்கே தேவைப்படுதுய்யா" என்று சொல்லி, நான் தேறியதாகக் கையெழுத்தும் போட்டார். இந்த வகுப்பை எல்லாக் கிளைகளிலும் நடத்தப் போகிறார்கள்.

ஆகவே உங்கள் மைத்துனன் இப்போது முறைப்படி ஒரு வாத்தியார். என்னை உருப்படாதவன் என்று சொன்ன சித்தப்பாவிடம் முதலில் சொல்லவும். அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு மறுபடியும் வணக்கம்.

இப்படிக்கு,
வாத்தியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பதவி பயிற்சியாளர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பணி விவரத்தில், கிளை கிளையாகச் சென்று வாடிக்கையாளராக உட்கார்ந்து அழ வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. பாடம் நடத்த, மறுக்கத் தெரிந்த ஓர் ஆளை வெளியிலிருந்து எடுக்கிறார்களாம். சித்தப்பாவுக்குக் கடிதத்தைப் பின்குறிப்புக்கு முந்தின வரி வரைக்கும் வாசித்துக் காட்டினால் போதும். முதல் கிளை திங்கட்கிழமை. கைக்குட்டை அரை டஜன் வாங்கி, துவைத்து, மடித்து வைத்தாகிவிட்டது.