குளிக்கப் போன வாக்காளர்

"ரமா ஆராவமுதன். பெண். வயசு ஐம்பத்தெட்டு. இருக்காங்களா சார்?"

வாசலில் நின்று பட்டியலைப் படித்தவர் மௌரீன் டீச்சர். கார்ப்பரேஷன் தேர்தல் வருகிறது என்றால் ஈஜிபுராவில் பள்ளிக்கூட டீச்சர்களுக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை வந்துவிடும். பட்டியலில் உள்ள ஆள் வீட்டில் இருந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். இல்லையென்றால் பெயர் மேல் ஒரு கோடு.

ஆராவமுதன் அந்தச் சிவப்புப் பேனாவைப் பார்த்தார். முப்பத்துமூன்று வருஷ அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பொய் மெடிக்கல் லீவுகூடப் போடாமல் ரிடையர் ஆனவர் அவர்.

"குளிச்சிண்டிருக்கா" என்றார்.

ரமா இறந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

"பரவாயில்ல சார், மெதுவா வரட்டும். எங்க வீட்டுக்காரர் குளிக்கப் போனா இதுக்கு மேல லேட்டு" என்று சிரித்தார் டீச்சர். "நாளைக்கு நாலு மணிக்கு வந்து பாக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு ஆராவமுதன் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பாங்க் என்று எல்லா இடத்திலும் 'காலமானார்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது இந்த ஒரு பட்டியல்தான். 412 ஆராவமுதன், 413 ரமா. இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்த கடைசிக் காகிதம் அது.

அதுவும் ஓட்டு விஷயத்தில் அவர்கள் ஜோடி சாதாரண ஜோடி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு சின்னம் என்றால் அவள் எதிர்ச்சின்னம். ஓட்டுச்சாவடிக்குச் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து போவார்கள். அவர் ஓட்டை அவள் ஓட்டு அடித்துவிட்டு வரும். திரும்பும் வழியில் மசாலா தோசை. இந்த வார்டின் முதல் தேர்தல் தொண்ணூற்றாறில் நடந்தது. அவர் தையல் மெஷின், அவள் குடை. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் குடை ஜெயித்தது. அது தன் ஓட்டுதான் என்று ரமா கடைசிவரை சாதித்தாள். தெருவிளக்கு எரிந்தால் "நான் போட்ட விளக்கு" என்பாள். எரியாவிட்டால் "உங்காளு ஜெயிச்சிருந்தா கம்பமே நட்டிருக்க மாட்டான்" என்பாள்.

அவள் போனபின் வந்த தேர்தலில் அவர் ஓட்டுப் போடவில்லை. அடிக்க ஆள் இல்லாத ஓட்டைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

பொய்யைக் காப்பாற்ற அந்தத் தெருவும் உதவியது. ரமா போனது மெட்ராஸில், பெண் வீட்டில். தெருவில் இருப்பதெல்லாம் பதினோரு மாத வாடகை ஜனம். அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ரமா என்று ஒருத்தி இருந்ததும் யாருக்கும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

மறுநாள் நாலு மணிக்கு மணி அடித்ததும் ஆராவமுதன் முதலில் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அப்புறம்தான் கதவைத் திறந்தார்.

"இன்னிக்கும்..." என்று இழுத்தார்.

டீச்சர் ஒரு நிமிஷம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு 413-க்கு நேரே டிக் போட்டார்.

"குளிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆராவமுதன் தன்னை மறந்து இரண்டு பேருக்கு ரசம் வைத்துவிட்டார். விஷயம் இதோடு முடிந்திருந்தால் அந்த ரசத்தோடு போயிருக்கும். ஆனால் அடுத்த மாதம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

தையல் மெஷின் கட்சியின் வார்டு செயலாளர் தியோடர் கையில் பட்டியலோடு வந்து நின்றார். மணிச் சத்தம் கேட்டதுமே பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்துவிட்டிருந்தார் ஆராவமுதன்.

"சார், உங்க வீட்டம்மாவைப் பாக்கணும்."

"குளிச்சிண்டிருக்கா."

தியோடர் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். குளியல். சாயங்காலம் ஐந்துக்கு வந்தார். குளியல்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார் குளிப்பாங்க?"

"அவ ரொம்ப ஆசாரம்" என்றார் ஆராவமுதன்.

தியோடர் முகம் மலர்ந்தது. "சார், எங்க கட்சியில ரெண்டு கோஷ்டி. ரெண்டு தலைவருக்கும் ஆளுக்கொரு பொண்டாட்டி. யாரை நிறுத்தினாலும் இன்னொருத்தர் உள்குத்து வேலை பண்ணுவாரு. எந்தக் கோஷ்டியும் இல்லாத ஒரு லேடி வேணும். இந்த வார்டு முழுக்க விசாரிச்சுட்டேன். அம்மாவைப் பத்தி யாரும் ஒரு குறை சொல்லல."

"அவளை யாரும் பாத்ததே இல்லையே!"

"அதான் சார் விசேஷம்!"

ஆராவமுதன் பயந்துபோனார். அடுத்த தடவை தியோடர் வந்தபோது, "பெண்ணாத்துக்கு மெட்ராஸ் போயிட்டா, வர ஆறு மாசம் ஆகும்" என்றார்.

"ஆறு மாசமா? அப்ப லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்களே சார்."

"நேத்தே திரும்பி வந்துட்டா" என்றார் அவசரமாக. "ஆனா பேச மாட்டா. மௌன விரதம்."

தியோடர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "பேசாத கேண்டிடேட்! இந்த வார்டு சரித்திரத்திலயே கெடையாது சார். தொண்ணூத்தாறுல ஜெயிச்ச ஆளு மேடையில பேசிப் பேசியே வேற கட்சிக்குப் போயிட்டான்."

இதற்குள் ஓயாமல் திறந்துவிட்டதில் வீட்டுத் தொட்டி காலியாகிவிட்டது. காவேரித் தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள். குழாயில் காற்று வருவதைக் கேட்ட தியோடர், "பர்வாகில்ல சார், அம்மா குளியலுக்கு நான் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் தண்ணி லாரி வந்தது. தொட்டி நிரம்பியபின் மிச்சத்தைத் தெருவுக்கு விடச் சொன்னார் தியோடர். சும்மா விடுவாரா?

"இது ரமாம்மா குடுக்கற தண்ணி!" என்று லாரி மேல் ஏறிக் கத்தினார்.

பிளாஸ்டிக் குடங்களோடு தெருவே திரண்டது. "ரமாம்மா நல்லா இருக்கணும்" என்றாள் ஒருத்தி. "ரமாம்மாவுக்கு ஜே" என்றன குழந்தைகள்.

ஆராவமுதன் கதவை மூடப் போனவர், மூடாமல் நின்றுவிட்டார். பட்டியலிலிருந்து டீச்சர் படித்ததைத் தவிர, இரண்டு வருஷமாக அந்தப் பெயரை வேறு வாய் சொல்லி அவர் கேட்டதில்லை. கடைசிக் குடம் நிரம்பி, தெரு காலியாகும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் தியோடர் வேட்புமனுவோடு வந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து சார். பேசவே வேணாம்."

"வாங்கிண்டு வரேன்" என்று காகிதத்தோடு உள்ளே போனார் ஆராவமுதன். ரமாவின் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். அவரே போட்டுவிடலாம். போட்டால் அவள் பெயர் சுவர் சுவராக இருக்கும். பேனாவைத் திறந்தார். அப்போதுதான் காகிதத்தில் கட்சியின் பெயர் கண்ணில் பட்டது. அலமாரியிலிருந்து அவள் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தையல் மெஷின்ல நிக்க அவ சம்மதிக்க மாட்டா."

"ஏன் சார்?"

"அவ குடை."

தியோடர் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த சந்தன மாலையைப் பார்த்தார். குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப உள்ள குளிக்கறது யாரு சார்?"

ஆராவமுதன் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்துத் தலையைச் சொறிந்தார் தியோடர். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். நான் விட்டாலும் எதிர்க்கோஷ்டி விடாது. செத்துப்போனவங்க பேருக்கு டிக் போட்டது யாருன்னு கிளறுவாங்க. டீச்சரம்மா வேலைக்கே உலை வெச்சுட்டீங்க."

தன் பொய் தன்னோடு போகும் என்றுதான் ஆராவமுதன் நினைத்திருந்தார். இன்னொருத்தர் வேலை போகும் என்று நினைக்கவில்லை. அன்று மாலையே பெயர் நீக்கும் விண்ணப்பத்தை வாங்கி, ரமாவின் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் அதே 'காலமானார்' என்ற வார்த்தையை மறுபடி எழுதினார். எழுதும்போது அழுதார். பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த மௌரீன் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

வாசலில் பெரிய ஆண் ஷூ ஒரு ஜோடி, பாலிஷ் போட்டு பளபளவென்று இருந்தது. கொடியில் ஒரு கோடுபோட்ட சட்டை காய்ந்தது.

"சார் இருக்காரா?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"குளிச்சிட்டிருக்காரு. உக்காருங்க" என்றார் டீச்சர்.

ஆராவமுதன் உட்காரவில்லை. விண்ணப்பத்தை நீட்டினார்.

"நான் உங்ககிட்டே பொய் சொல்லிட்டேன். அவ போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆறது."

"தெரியும் சார்."

"தெரியுமா!"

"தண்ணி விழற சத்தம் மட்டும்தானே கேட்டுச்சு. சொம்புச் சத்தமே கேக்கல."

"தெரிஞ்சுமா டிக் போட்டேள்? உங்க வேலைக்கு ஆபத்தாமே! தியோடர் சொல்றான். ஐயோ, உங்க வீட்டுக்காரர் கிட்டேயாவது நான் மன்னிப்புக் கேட்டுக்கணும். அவர் குளிச்சிட்டு வரட்டும், இருந்து பாத்துட்டே போறேன்."

டீச்சர் விண்ணப்பத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார். பட்டியலைப் புரட்டி, தன் தெருவின் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தார். 88 டொமினிக், 89 மௌரீன். இரண்டுக்கும் சிவப்பு டிக்.

"காத்திருக்காதீங்க சார்" என்றார் டீச்சர். "டொமினிக் குளிக்கப் போயி ஆறு வருஷம் ஆகுது."