தேன் வழியே வந்த எருது

தலைநகர் ஹத்துசாவின் பெரிய கோயில் எழுத்தர், என் தங்கையின் கணவர் லுபக்கி அவர்களுக்கு, மலையடிக் கோயில் பூசாரி அர்மாசிதி எழுதுவது. ஆயிரம் தெய்வங்களும் உங்களைச் சுற்றிக் கைகோத்து நின்று காக்கட்டும். அவற்றில் ஒன்று என் தங்கையின் மூட்டுவலியைக் கவனிக்கட்டும்.

சொல்ல வேண்டியவை:
1. புயல்தேவன் தர்ஹுன்னா கோபித்துக்கொண்டு போனது.
2. அவரை அழைக்க நான் தேன்பாதை இட்டது.
3. அதில் வந்தது வெறும் எருது என்பது.
4. உங்களிடம் கேட்கும் தீர்ப்பு.

வசந்தம் முழுக்க மழை இல்லை. பறவைக் குறி பார்த்ததில், தேவன் ஆத்திரத்தில் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது, காரணத்தைக் கேட்பதற்குள் பறவைகளும் போய்விட்டன, நான் கேட்ட விதம்தான் தவறோ என்னவோ. முறைப்படி ஊற்றிலிருந்து கோயில்வரை தேனும் நெய்யும் ஊற்றி, "கோபம் தணிந்து வாரும்" என்று பாடிக்கொண்டே நடந்தேன், பின்னால் நக்கும் சத்தம், தேவன் நக்குவாரா என்று திரும்பிப் பார்த்தால் பக்கத்து வயல் மனின்னியின் எருது, விரட்டக் கை ஓங்கினேன், அது என்னைப் பார்த்தது, கையை இறக்கிவிட்டேன், அது நேரே சன்னிதிக்குள் போய்ப் பீடத்தின் முன் படுத்துவிட்டது. "தேவனே எருதா வந்துட்டாருடோய்!" என்று ஊரே விழுந்து கும்பிட்டது.

மனின்னி தார்க்குச்சியோடு வந்தாள். "இது எங்க மாடு. ஜோடி அங்க தனியா நிக்குது. உழாட்டி எம் புள்ளைங்க பட்டினி."

"சாமிய ஏர்ல பூட்டுவியா? இடி விழும்டி!" என்று ஊரார் கத்தினார்கள்.

"விழட்டுமே, கூட மழையும் வரும்ல! பூசாரி ஐயா, நீங்க சொல்லுங்க, இது சாமியா, மாடா?"

"இரண்டுக்கும் சான்று உண்டு" என்றேன்.

"நல்லா சொன்னீங்க போங்க!"

மாடு என்றால் என் சடங்கு பொய், ஊர் என்னைத் துரத்தும். தேவன் என்றால் அவள் வயல் தரிசு. என் மனத்துக்கு அது மாடுதான்; தேவன் தன் பீடத்தின் முன்னாலேயே சாணி போடமாட்டார். அதை என் வாயால் சொல்லத் துணிவில்லை. பெரிய கோயில் முத்திரையோடு நீங்கள் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டில் பார்லியும் பீரும் குறையாதிருக்கட்டும்.

பின்குறிப்பு: இந்தக் களிமண் பலகை காயுமுன் ஓரத்தில் எழுதுகிறேன். மனின்னி பொறுக்கமாட்டாமல் எருதை இழுத்துப்போய் ஏரில் பூட்டினாள். முதல் உழவுச் சாலிலேயே இடி, மழை. இப்போது அவளே அதைக் கொண்டுவந்து சன்னிதியில் கட்டிவிட்டு, "சாமிய குச்சியால குத்திட்டேனே ஐயா! இனி நீங்களே வச்சுக்குங்க" என்று அழுகிறாள். ஆகவே தீர்ப்பு வேண்டாம். அவளுக்கு ஓர் உழவு மாடு அனுப்புங்கள், தேன் பிடிக்காததாக. பலகையில் உள்ள குழிகள் எழுத்துகள் அல்ல, மழைத்துளிகள். மேலே பட்டியலில் மூன்றாவதாக நான் சொன்னது தவறு.