செவலையை விற்கச் சம்மதம்

உலான்பாத்தரில் மாடிவீடு, கார் சகிதம் வாழும் தம்பி லுவ்சானுக்கு, அக்கா செவெக்மா சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதுவது. குளிர்காலத்தைச் சேதமில்லாமல் கடந்தாயா? மந்தை கொழுத்திருக்கிறதா என்று முறைப்படி கேட்க வேண்டும். உனக்கு மந்தை இல்லாததால், கார் கொழுத்திருக்கிறதா என்று கேட்கிறேன். இங்கே ஆடுகள் நலம், மச்சான் நலம், நான் வழக்கம்போல்.

"குதிரையை வித்துத் தொலைக்கா" என்று மூன்று வருஷமாகப் போனில் சொல்கிறாய். முடக்குவாதம் வந்தபின் நானும் சும்மா இருக்கவில்லை. என் குதிரை செவலையை என் உடம்புக்குத் தோதாக மாற்றப் பார்த்தேன். இடது முழங்கால் மடங்க மறுத்ததும் வலப்பக்கமாக ஏறினேன். நம் குதிரைகள் பிறந்ததிலிருந்து வலப்பக்கம் ஆள் ஏறிப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் வலி வந்தால் புத்தி முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. செவலை என்னைக் குதிரைத் திருடி என்று நினைத்து ஓட, நான் சேணத்தில் வயிற்றை வைத்துத் தொங்கியபடி பக்கத்துக் கூடாரத்து பூரேவ் வாசலில் போய்ச் சேர்ந்தேன்.

"என்னக்கா, மாவு மூட்டையா கொண்டாந்திருக்கே?" என்றான்.

"நான்தான்டா மூட்டை. மொதல்ல இறக்கு" என்றேன்.

பிறகு உன் மச்சான் மாட்டுவண்டியை நிறுத்தி, அதன்மேல் நின்று ஏறப் பழக்கினார். செவலை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது, கொஞ்சம் அதிகமாகவே. இப்போது எந்த வண்டியைக் கண்டாலும் ஒட்டி நின்றுகொண்டு, அதிலிருந்து யாராவது ஏறும்வரை நகர்வதில்லை. போன மாதம் பூரேவ் செவலையை இரவல் வாங்கிப் போனான். சாலையில் பழுதாகி நின்ற லாரியைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. லாரிக்காரன் வந்து பின்னால் உட்கார்ந்த பிறகுதான் கிளம்பியதாம்.

வலி இல்லாத நாளாகப் பார்த்து ஏறலாம் என்றால், அப்படி மாதத்தில் நாலு நாள். அந்த நாலிலும் புயற்காற்று. மற்ற நாட்களில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறேன். "குதிரைக்குக் கால் நொண்டியா?" என்று போகிறவர்கள் கேட்கிறார்கள். "இல்லப்பா, அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத் துணைக்கு வருது" என்கிறேன். களைப்பாக இருக்கிறது தம்பி. வலிகூடப் பழகிவிட்டது, இந்தக் களைப்பு பழகவில்லை. குதிரை இல்லாதவளாக ஆவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் ஓடப் பிறந்த பிராணியை என் நடைக்குக் கட்டிப்போடுவதும் பாவம். நீ சொன்னதே சரி. சனிக்கிழமை ஆள் அனுப்பு, கொடுத்துவிடுகிறேன்.

உன் வழி பால்போல் வெளுத்திருக்கட்டும். உன் மனைவியின் கோபம் கோடைக்குள் தணியட்டும்.

அக்கா செவெக்மா

பின்குறிப்பு: விற்கும் குதிரையின் பிடரியிலிருந்து சொந்தக்காரர் தன் கையால் நாலு மயிர் பிடுங்கி வைத்துக்கொள்ளாவிட்டால், வீட்டு அதிர்ஷ்டமும் அதோடு போய்விடும் என்பது உனக்கே தெரியும். இப்போதுதான் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. செவலை கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாக நின்றது. "நான் புடுங்கட்டுமா?" என்றார் உன் மச்சான். "குதிரை உங்களுதா, என்னுதா?" என்றேன். உள்ளே வந்து பேனாவை எடுத்துவிட்டார். ஆகவே ஆள் அனுப்ப வேண்டாம். விரல்கள் குணமானதும் கட்டாயம் விற்றுவிடுகிறேன். ஆயுசுக்கும் குணமாகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.