குளியல் உப்பும் சாம்பார் அண்டாவும்

செய்முறை வீடியோ பார்த்து நான் செய்த எதுவும் இதுவரை அந்த வீடியோவில் இருந்ததைப் போல வந்ததில்லை. முட்டையில்லாத கேக் செங்கல்லாக வந்தது. முகத்தில் பீட்ரூட் பசையோடு கதவைத் திறந்தபோது பால்காரர் கேனைப் போட்டுவிட்டு ஓடினார். இதெல்லாம் சில்லறைக் குற்றங்கள். பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கப்பட்டவர் என் கணவர்.

அவர் பெயர் சரவணன். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. (ஊரில் யாராவது கேட்டால் என் மாமியார், "ஓட்டல்ல ஆபீசரு" என்பார்.) இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் லீவு. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நானும் மாமியாரும்தான்.

ஒருநாள் போனில் சொன்னார். "ஆளு நீளத்துக்குத் தொட்டி தேவி. சுடுதண்ணிய நெரப்பி, வாசனை உப்பப் போட்டு, ரோஜா எதழத் தூவி வச்சிட்டு நான் வெளிய வந்துரணும்."

"நீங்க ஒரு தடவகூட எறங்கிப் பாத்ததில்லையா?"

"வேலை போயிரும்டி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் யாரோ படுத்துக் கிடக்கத் தண்ணீர் நிரப்பிக் கொடுக்கிற மனுசன், வந்து இறங்கினால் நம் வீட்டில் வாளியும் மக்கும். இந்தத் தடவை அவர் வாசனை உப்புத் தண்ணீரில்தான் குளிப்பார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வீடியோவில் ஒரு பெண், வெள்ளைக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கிளறி, "ரொம்ப சிம்பிள்" என்றார். (அந்த வார்த்தையைக் கேட்டதுமே போனை அணைத்திருக்க வேண்டும்.) எப்சம் உப்பு, கல்லுப்பு, சமையல் சோடா, வாசனை எண்ணெய் சில துளி, ஒரு சிட்டிகை நிறம், காய்ந்த ரோஜா இதழ். அவ்வளவுதான்.

கல்லுப்பும் சோடாவும் வீட்டிலேயே இருந்தன. எப்சம் உப்புக்கு மெடிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "போயி எத்தன நாளாச்சும்மா?" என்றார். அது பேதிக்குக் குடிக்கிற உப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. "எனக்கில்லண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் உரக்கடை. அதே உப்பைத் தென்னைக்குப் போடுவார்கள் என்று கூகுள் சொல்லியிருந்தது.

"எத்தன மரம்மா?" என்றார் உரக்கடைக்காரர்.

"ஒரே மரந்தாண்ணே."

"ஒரு மரத்துக்கு அஞ்சு கிலோவா? பட்டுப்போயிரும்மா!"

"பெரிய மரம்ணே" என்றேன். (பொய்யில்லை. வெளிநாட்டுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் நன்றாகவே பருத்திருந்தார்.)

வாசனை எண்ணெய்க்கு அந்தப் பெண் சொன்ன பெயர் எதுவும் எங்கள் பக்கம் கிடைக்காது. வீட்டில் தைலம் இருந்தது, யூகலிப்டஸ். அதை ஊற்றினேன். மணம் சளி பிடித்தவர் மாதிரி இருந்தது. அதை அமுக்க ஜவ்வாது போட்டேன். இப்போது சளி பிடித்தவர் கோயிலுக்குப் போன மாதிரி இருந்தது. ரோஸ் எசன்ஸ் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தேன். கடைசியில் நிறம். இனிப்புக்குப் போடும் ரோஸ் கலர்ப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டேன், தெரியவில்லை. ஒரு கரண்டி போட்டேன், லேசாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு கரண்டி போட்டதும் வீடியோவில் இருந்த அதே இளம் ரோஸ். காய்ந்த உப்பில் நிறம் அடங்கித்தான் இருக்கும், தண்ணீர் பட்டால்தான் அதன் முழுக்குணமும் தெரியும் என்பதை அந்தப் பெண் சொல்லவில்லை. மூன்று பெரிய பாட்டில்களில் நிரப்பி, பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அவர் வந்தார். அவரோடு சொந்தக்காரர்களும் வந்தார்கள். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். யாரும் வராத நாளில் இவரை யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று வாரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது, "குழம்பு ஊத்தவா?", "போதும்" என்பதுதான்.

லீவு முடிய நாலு நாள் இருந்தது. மறுநாள் விராலிமலையில் நாத்தனார் கவிதாவின் பையனுக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், அதற்காகவே இவர் லீவில் வரும்வரை விசேஷத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். அன்று காலை மாமியார், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் பாண்டி அண்ணன் மூவரும் சீர்ச் சாமான் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். சாயங்காலம்தான் வருவார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்!

தொட்டிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். மறுநாள் சமையலுக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்கள் அங்கே இறக்கி வைத்திருந்தன. நடுவில் இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா ஒன்று வெயிலில் மின்னியது. கடவுளே அனுப்பி வைத்ததாக நினைத்தேன்.

விறகு வைத்து வெந்நீர் போட்டு, குடம் குடமாக ஊற்றி, மூன்று பாட்டிலையும் கொட்டினேன். தண்ணீர் ரோஸ்மில்க் ஆனது. மேலே இதழ்களைத் தூவிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கா?" என்றார். அரைக்கால் டவுசரோடு ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளே இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா..." என்றார். அந்த 'ஆகா'வுக்கு நான் இன்னும் ஐந்து கிலோ உப்புக் கிளறுவேன்.

கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அண்டாவுக்கு வயிறு அகலம், வாய் குறுகல். முழங்கால் ஒரு பக்கம் முட்ட, முதுகு மறுபக்கம் முட்ட, காலை ஊன்ற வழியில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். தைல வழுக்கலில் நான் போய் வேலியில் விழுந்தேன்.

"யாரையாவது கூப்பிடட்டுமாங்க?"

"வேணாம் வேணாம். மானம் போயிரும். அவங்க வரட்டும், மச்சான் தூக்கி விட்டுருவாரு."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஆற ஆறச் சுடுதண்ணீர் ஊற்றினேன். அவரும் எங்கும் போக முடியாது, அவரைத் தேடியும் யாரும் வரவில்லை. திடீரென்று அவர், "போன வருசம் எனக்குக் காச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கெடந்தேன். ஒனக்குச் சொல்லல" என்றார்.

"தெரியும். கொரல்லயே தெரிஞ்சிச்சு. மழைக்கு அடுப்படி ஓடு எறங்கிருச்சு. நானும் ஒங்களுக்குச் சொல்லல."

"அம்மா சொல்லிருச்சு" என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் போனில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் சொல்லி முடித்தோம். நடுவில் நான் கொஞ்சம் அழுதேன். (தைல நெடி என்று சொன்னேன்.)

சாயங்காலம் வர வேண்டியவர்கள் மதியமே வந்துவிட்டார்கள். வேன் சத்தம் கேட்டு நான் எழுந்திருப்பதற்குள் மூன்று பேரும் கொல்லைக்கு வந்து நின்றார்கள். மாமியார் கையிலிருந்த பழத்தட்டு அப்படியே நின்றது.

"என்னத்தா இது?"

"குளிக்கிறாருங்கத்தை."

"சாம்பார் அண்டாவுலயா?"

உள்ளேயிருந்து இவர், "வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா?" என்றார்.

பாண்டி அண்ணன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அண்டாவை மெதுவாகச் சாய்த்தார். ரோஸ் வெள்ளத்தோடு என் வீட்டுக்காரர் வழுக்கிக்கொண்டு போய்த் தென்னம்பாத்தியில் சேர்ந்தார். வழியில் நின்ற மாமியாரின் வெள்ளைக்கோழி ரோஸ்கோழி ஆனது. இவர் எழுந்து நின்றபோதுதான் கவனித்தோம். நெஞ்சு முதல் பாதம் வரை பஞ்சுமிட்டாய் நிறம். உள்ளங்கைகள் செக்கச்செவேல்.

"நாளைக்கு இவன் மடியில எப்படிடி எம்புள்ளைய ஒக்கார வைக்கிறது?" நாத்தனார் அழாத குறை.

எலுமிச்சம்பழம், கடலைமாவு, தேங்காய் நார் எல்லாம் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறியதே தவிர நிறம் இறங்கவில்லை. இவரை விட்டுவிட்டு மாமியார் என்னிடம் புளியையும் சாம்பலையும் கொடுத்து அண்டாவைத் தேய்க்கச் சொன்னார். மூன்று தடவை தேய்த்தேன். அண்டா மட்டும் பளிச்சென்று ஆனது.

மறுநாள் விராலிமலையில் முழுக்கைச் சட்டை போட்டு அவரை உட்கார வைத்தோம். கையை எங்கே ஒளிப்பது? பிள்ளையை மடியில் வைத்ததும் எல்லோர் கண்ணும் அங்கேதான். பையன் மட்டும் மாமன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே முழு மொட்டையும் அடித்துக்கொண்டான், ஒரு பொட்டு அழவில்லை.

பந்தியில்தான் பேச்சு கிளம்பியது. நான் பரிமாறிக்கொண்டே வரும்போது காதில் விழுந்தது. "வெளிநாட்டுல ஏதோ தோல் வியாதியாம்." "அதான் இங்கிட்டு வந்துட்டான் போல. வேலைய விட்டு அனுப்பிட்டாங்களோ என்னமோ."

சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். என்னால் அந்த மனுசனுக்கு இந்தப் பேச்சு.

மாமியாருக்கும் அது கேட்டுவிட்டது. பந்தி நடுவில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எம்மவனுக்கு நோயுமில்ல நொடியுமில்ல. ரெண்டு வருசங் கழிச்சு வந்த புருசன்னு எம்மருமக ஆசைஆசையா வாசனை உப்பச் செஞ்சு, அண்டாவுல போட்டு ஊற வச்சிருச்சு. சாயம் ஒட்டிக்கிச்சு. போதுமா?"

ஒரு பெரியப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தி, "எந்த அண்டாவுல?" என்றார்.

"அது வேற அண்டா" என்றார் மாமியார், கண் இமைக்காமல்.

(வேறு அண்டா இல்லை.)

பந்தி முழுக்கச் சிரித்தது. இவர் தன் ரோஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மறுசாம்பார் கேட்டவர்கள் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

அதன்பிறகு அவர் லீவுக்கு வரும்போதெல்லாம் சொந்தத்தில் ஒருவர் விடாமல் போன் போட்டு, "என்ன தேவி, மாப்பிள்ளையை ஊற வச்சாச்சா?" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு மொட்டை போட்ட பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனும் கேட்கிறான். முதலில் எனக்கு உயிர் போகும். இப்போது, "இன்னும் ஊறலடா" என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி லீவு. போன வாரம் டிக்கெட் போட்ட செய்தியைச் சொல்லப் போன் பண்ணியவர், பேசி முடித்த பிறகும் வைக்காமல் இருந்தார்.

"என்னங்க?"

"இல்ல தேவி... இந்தத் தடவ கலரு மட்டும் வேணாம்" என்றார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."